இரண்டாவது கோடு

மார்ச் 3, திங்கள்

இன்றைக்கு ஒன்பது ஈரல். ஒன்பதும் சுத்தம். வெட்டுக் கூடத்துச் சோதனை அறையில் வெந்நீர்த் தொட்டியின் மூடி உடைந்து ஒரு மாதமாகிறது. சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து மூடிக்கொண்டிருக்கிறோம். எழுதி எழுதிக் கொடுத்து என் பேனாவில் மை தீர்ந்ததுதான் மிச்சம்.

மேலிடத்திலிருந்து இரண்டு பேர் பார்வையிட வந்தார்கள். ஒருவர் சோதனைப் பட்டையைக் கையில் வாங்கி, "ரெண்டு கோடு வந்திருக்கே, அப்போ மருந்து இருக்குன்னு அர்த்தமா?" என்றார். எல்லோரும் முதலில் இதைத் தலைகீழாகத்தான் புரிந்துகொள்கிறார்கள். இறைச்சியில் மருந்து இல்லையென்றால் இரண்டு கோடு. மருந்து இருந்தால் இரண்டாவது கோடு வராது. பதினொரு வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. பக்கத்து மேசைக் கண்ணாடிக்காரர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போகும்போது சுவரில் நான் எழுதி ஒட்டியிருப்பதை அந்த அதிகாரி படித்துப் பாராட்டினார்: "முதலில் கையைக் கழுவு. பிறகு உறை போடு." கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்.

மகள் பட்டாணிக்குக் காலையிலிருந்து லேசாக இழுப்பு. மருந்து தீர்ந்துவிட்டது. மாதாமாதம் ஐந்தாம் தேதி சந்தைக்குப் போகிற வழியில் அண்ணன்தான் வாங்கி வருவான். அவள் அப்பா எங்களை விட்டுப் போனதிலிருந்து இது அவன் வேலையாகிவிட்டது. போன் செய்தேன். "இன்னும் ரெண்டு நாள் இருக்கே, உன் மக பாட்டிலோட முழுங்கிட்டாளா?" என்றான். சாயங்காலமே கொண்டுவந்துவிட்டான்.

கூடவே பதினொரு காளைகளின் புராணம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறான். தின்றுவிட்டுத் தூங்குகிற ஒன்றுக்கு 'மேலதிகாரி'. இந்த மாதம் மொத்தமாக ஏற்றப்போகிறானாம். எந்தத் தேதி என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. யார் மாடு என்று தெரியாமல் எண் மட்டும் போட்டுத்தான் எங்கள் அறைக்கு ஈரல் வரும்.

மார்ச் 6, வியாழன்

ஒரு கோடு.

ஏழு மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. நான்காம் எண் ஈரல்.

ஓட்டமான நாள். மூன்று ஈரல் முடித்திருந்தேன். பத்தரைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் போன். பட்டாணிக்கு மூச்சு வாங்குகிறதாம். நல்லவேளை, பள்ளி பின் தெருவில்தான். பையிலிருந்த மருந்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். முதல் மூடி மருந்தை அப்படியே என்மேல் இருமித் துப்பினாள். சட்டைக் கை, உள்ளங்கை எல்லாம் பிசுபிசு, ஆரஞ்சு வாசனை. இரண்டாவது மூடிதான் உள்ளே போனது. மடியில் வைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். மூச்சு கொஞ்சம் இறங்கியதும் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே திரும்பி ஓடிவந்தேன். வெட்டுக் கூடத்து ஆட்கள் முடிவுக்காகக் காத்து நின்றார்கள். மொத்தமாக வரும் மாடுகளில் முதலில் ஒன்றைத்தான் வெட்டுவார்கள். அதன் ஈரலை நாங்கள் பார்த்துச் சொன்னால்தான் மற்றவை.

வந்ததும் உறையை மாட்டி, ஈரலை நறுக்கி அரைத்து, குழாயில் போட்டு, சுழற்றி, மூன்று சொட்டு விட்டேன். ஐந்து நிமிடம். மேல் கோடு வந்தது. கீழே வெள்ளையாகவே இருந்தது. விதிப்படி அரைத்ததிலிருந்தே இன்னும் இரண்டு தடவை பார்த்தேன். அதே.

பட்டை காட்டியது இழுப்பு மருந்தை. மனிதர்கள் சாப்பிடுவதேதான். அதைத் தீவனத்தில் கலந்துகொடுத்தால் கொழுப்பு கரைந்து சதை ஏறும். அந்தக் கறியைத் தின்கிறவனுக்கு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். நெஞ்சு வலிக்காரன் செத்தே போகலாம்.

கண்ணாடிக்காரர் தயங்கித் தயங்கி, "ஈரல்ல இன்னொரு பாதி சீல் வெச்சு ஐஸ் பெட்டியில இருக்கே. அதையும் ஒரு வாட்டி பாத்துடலாமா?" என்றார். சுருக்கென்று வந்தது எனக்கு. "என் கைமேல நம்பிக்கை இல்லையா உங்களுக்கு?" என்றேன். பாவம், தன் மேசைக்குத் திரும்பிவிட்டார். அந்தப் பாதியைத் தொட வேண்டுமென்றால் மாட்டுக்காரர் ஏழு நாளுக்குள் எழுதிக் கேட்க வேண்டும். அதுதான் விதி. அரைத்த மிச்சத்தைத் தலைமை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

எவனோ ஒரு பேராசைக்காரன். மாட்டிக்கொண்டான்.

மார்ச் 7, வெள்ளி

எங்கள் அறைக்குப் பொறுப்பான டாக்டரம்மா கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்கிறவர் இல்லை.

நான்காம் எண் என் அண்ணன்.

மார்ச் 9, ஞாயிறு

வந்தான். பட்டாணி "மாமா" என்று ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். அவளைத் தூக்கவில்லை. தலையில் கை வைத்து, "போய் விளையாடு" என்றான்.

"நான் எதையும் கலக்கல. உனக்குத் தெரியாதா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? மூன்று தடவை பார்த்தேன் என்றேன். கோடு பொய் சொல்லாது என்றேன். "மிச்சம் பத்து நிக்குதே, அதுங்களையும் பாருங்களேன்" என்றான். விதி அப்படி இல்லை என்றேன். சீல் வைத்த பாதிக்கு எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அதிலும் வந்தால் மாடு விற்கிற உரிமத்தை ஆயுசுக்கும் பிடுங்கிவிடுவார்கள், இப்போதென்றால் ஒரு வருடத்தோடு போகும், பேசாமல் இரு என்றேன். அவன் நல்லதுக்குத்தான் சொன்னேன். அப்படித்தான் நினைத்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கில் சனி. "மாசாமாசம் மருந்துக் கடைக்குப் போறவன் நீதானே. பட்டாணிக்கு வாங்கும்போது உன் மாட்டுக்கும் சேத்து வாங்கினியா?"

கேட்டுவிட்டேன். கேட்ட வார்த்தையை எப்படித் திரும்ப எடுப்பது.

கையில் வைத்திருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தான். குடிக்கவில்லை. செருப்பைப் போடக் கொஞ்ச நேரமானது அவனுக்கு. எழுதிக் கேட்கட்டுமா என்று மறுபடி கேட்பான் என்று நினைத்தேன். கேட்காமலே போய்விட்டான்.

மார்ச் 14, வெள்ளி

ஏழு நாள் முடிந்தது. அவன் எழுதிக் கொடுக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டிருக்கிறான்.

மார்ச் 20, வியாழன்

மிச்சம் பத்தும் கூடத்துப் பின்பக்கப் பட்டியில் நிற்கின்றன. தலைமை ஆய்வகத்து முடிவு வரும்வரை வெளியே விட மாட்டார்கள். தீவனம் மாட்டுக்காரன் பொறுப்பு. அண்ணன் தினமும் காலையில் சைக்கிளில் புல்லுக்கட்டோடு வருகிறான். காவலாளி கட்டைப் பிரித்துச் சோதித்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். ஒவ்வொரு மாட்டின் கழுத்தையும் தடவிவிட்டு ஏதோ பேசுகிறான். ஜன்னல் பக்கம் பார்ப்பதே இல்லை.

கண்ணாடிக்காரர் இன்று எழுந்துபோய்த் திரையை இழுத்துவிட்டார்.

மார்ச் 27, வியாழன்

தலைமை ஆய்வகமும் அதையேதான் சொல்கிறது. இழுப்பு மருந்து. அளவு மிக அதிகமாம். இவ்வளவு அதிகமாக இதுவரை எந்த ஈரலிலும் பார்த்ததில்லை என்று அடிக்குறிப்பு வேறு.

இதைப் படித்ததும் முதலில் தோன்றியது — சொல்லவே கூசுகிறது — நான் சரியாகத்தான் பார்த்திருக்கிறேன் என்ற நிம்மதி.

மார்ச் 29, சனி

பத்தையும் அழித்தார்கள். நான் லீவு போட்டேன். கண்ணாடிக்காரர் போனில், "உங்கண்ணன் கடைசி வரைக்கும் நின்னாரும்மா. ஒன்னு மட்டும் எந்திரிக்காம படுத்தே கெடந்துச்சு, அதை அவரேதான் எழுப்பி விட்டார்" என்றார்.

மேலதிகாரி.

ஏப்ரல் 5, சனி

காலையில் கதவைத் திறந்தால் கேட்டில் ஒரு மஞ்சள் பை தொங்குகிறது. உள்ளே ஆரஞ்சு மருந்து, இரண்டு பாட்டில். சீட்டு எதுவும் இல்லை. தெருவில் யாரும் இல்லை.

பட்டாணி, "மாமா ஏம்மா உள்ள வரல?" என்று கேட்டாள். அவசரமாகப் போயிருப்பான் என்றேன். "அவசரமா போனா பை மட்டும் எப்படி மாட்டினாரு?" என்றாள். ஆறு வயசுக்கு வாய் அதிகம். அப்படியே நான்தான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

கடைத்தெருவில் அண்ணியைப் பார்த்தேன். கூப்பிட்டேன். காதில் விழாததுபோலப் போனார்கள். அண்ணன் ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றுகிறானாம், காய்கறிக்காரி சொன்னாள். நாற்பத்தேழு வயதில். "மாட்டுக்கு ஊசி போட்டு மாட்டினாரே, அவரு உங்களுக்குச் சொந்தமா?" என்றும் கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தக்காளி என்ன விலை என்று கேட்டுவிட்டேன்.

மே 5, திங்கள்

பை தொங்கியது.

ஜூன் 5, வியாழன்

இன்றும். இந்தத் தடவை எப்படியாவது பிடித்துவிடலாம் என்று விடிந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பட்டாணிக்குத் தலை வாரிவிடப் போன ஐந்து நிமிடத்தில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். என்மேல் இவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு எப்படி அந்தக் கடையில் போய் நிற்கிறான்? தப்புச் செய்தவன் இப்படிச் செய்வானா? — இல்லை, தப்புச் செய்தவன்தான் இப்படிச் செய்வான். இப்படி இரண்டு பக்கமும் நானே பேசிப் பேசி மண்டை காய்கிறது.

ஜூன் 18, புதன்

நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் வேலை தொடங்கும்முன் சுத்தக் கறி ஒன்றைச் சோதித்துப் பார்ப்போம். தலைமை ஆய்வகமே அனுப்புவது, மருந்தே இல்லாதது. சோதனைப் பட்டை கிட் ஒழுங்காக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். இன்றைக்கு அதில் ஒரு கோடுதான் வந்தது.

கண்ணாடிக்காரர், "கிட் கெட்டுப்போச்சு போல" என்று புதுப் பெட்டியைப் பிரித்தார். நான் அப்படியே நின்றேன். உறைக்குள்ளிருந்து வாசனை வந்தது. ஆரஞ்சு.

காலையில் பட்டாணி மருந்து குடிக்கமாட்டேன் என்று கையைத் தட்டிவிட்டாள். சிந்தியது. நேரமாகிவிட்டதென்று புடவையில் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன். கழுவவில்லை. பிசுபிசுத்த விரலால் உறைப் பெட்டிக்குள் கையை விட்டு, உறையின் விரல் நுனியைப் பிடித்து இழுத்து மாட்டினேன். நான் எழுதி ஒட்டிய காகிதத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு. அவசரத்தில் துடைப்பதையே கழுவுவதாக எத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேனோ.

சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவி, புது உறை போட்டு, அதே கறியைப் புதிதாக வெட்டிப் பார்த்தேன். இரண்டு கோடு. அழகாக, அடர்த்தியாக.

வீட்டுக்கு வந்ததும் இந்த நோட்டைப் புரட்டினேன். மார்ச் 6. என் கையெழுத்திலேயே இருக்கிறது. சட்டைக் கை, உள்ளங்கை எல்லாம் பிசுபிசு. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே திரும்பி ஓடிவந்தேன். வந்ததும் உறையை மாட்டி.

வந்ததும் உறையை மாட்டி. கழுவினேன் என்று ஒரு வார்த்தை இல்லை.

அந்த விரலால் நறுக்கி அரைத்ததைத்தான் மூன்று தடவையும் பார்த்தேன். அதே அரைத்ததைத்தான் தலைமை ஆய்வகத்துக்கும் அனுப்பினேன். இவ்வளவு அதிகமாக எந்த ஈரலிலும் பார்த்ததில்லையாம். எப்படிப் பார்த்திருப்பார்கள்? மாட்டின் வயிற்றுக்குள் போய் வந்த மருந்தா அது? பாட்டிலிலிருந்து நேராக வந்தது.

அவன் வாங்கிக் கொடுத்த பாட்டில்.

ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன். அண்ணே, நான் என்ன பண்ணிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. கண்ணாடிக்காரர்கூட கிட்தான் கோளாறு என்று எழுதி வைத்துவிட்டார். வேலை போனால் பட்டாணியை என்ன செய்வேன்? வாடகை, மருந்து, பள்ளிக்கூடம். அண்ணனுக்கும் மாடுகள் திரும்பி வரப்போவதில்லை. — இதையெல்லாம் காலையில் பல் விளக்கும்போது யோசித்தேன். யோசித்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

பத்து மணிக்கு டாக்டரம்மாவிடம் நோட்டைக் கொடுத்து, அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். இரண்டு தடவை படித்தார். "இதை நீங்க காட்டாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதேம்மா" என்றார். ஆமாம் என்றேன். வெட்டுக் கூடத்தில் சீல் வைத்த பாதி இன்னும் ஐஸ் பெட்டியில் இருக்கிறது, ஆறு மாதம் வைத்திருப்பார்கள். என் கை அதில் படவே இல்லை. அதைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். தலைமை ஆய்வகத்துக்கு அனுப்பக் கண்ணாடிக்காரர் அதைப் பெட்டியில் வைத்துக் கட்டும்போது நான் வாசலுக்கு வெளியே போய் நின்றேன்.

அவர் ஒரு வார்த்தைகூட என்னைக் குத்திக் காட்டவில்லை. அன்றைக்கே சொன்னேனே என்று சொல்லியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஜூலை 4, வெள்ளி

சீல் வைத்த பாதியில் ஒன்றும் இல்லை. இழுப்பு மருந்தும் இல்லை, வேறு எந்த மருந்தும் இல்லை. சுத்தம்.

அண்ணன் பெயருக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறார்கள். உரிமம் திரும்ப வழங்கப்படுகிறது, நேர்ந்ததற்கு வருந்துகிறோம். என்னைச் சோதனையிலிருந்து எடுத்துவிட்டு வாயிலில் வண்டி எண் எழுதப் போட்டிருக்கிறார்கள். டாக்டரம்மா எவ்வளவோ பேசித்தான் இதாவது மிஞ்சியது. கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 5, சனி

பை தொங்குகிறது. அதைத் தொடவே பயமாக இருந்தது. பட்டாணிதான் போய் எடுத்துவந்தாள்.

ஜூலை 6, ஞாயிறு

போனேன். கொட்டகையைக் கழுவிவிட்டிருந்தார்கள். பதினொரு முளைக்குச்சியும் அப்படியே இருந்தன. ஒன்றில் துணி காய்ந்தது.

அண்ணி கடிதத்தை வாங்கிப் படித்தார்கள். "இதை எங்கிட்ட ஏன் குடுக்கிற? அந்தப் பதினொன்னுகிட்டயும் போய்ப் படிச்சுக் காட்டு" என்றார்கள். உள்ளே போய்விட்டார்கள்.

அண்ணன் படி ஓரம் உட்கார்ந்திருந்தான். மூட்டை தூக்கி வலது தோள் இறங்கியிருக்கிறது. எல்லாவற்றையும் சொன்னேன். பட்டாணி இருமியது, பிசுபிசு, கைக்குட்டை, உறை. ஒன்றையும் மறைக்கவில்லை. "நீ வாங்கிக் குடுத்த மருந்துதாண்ணே. என் கையிலேருந்துதான் போச்சு."

அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்போ நான் கலக்கலன்னு உனக்கு இப்பதான் தெரியுது."

"ஆமாண்ணே."

"காகிதம் வந்தப்புறம்."

ஆமாம், காகிதம் வந்தப்புறம்தான்.

"மாடு போனது போகட்டும். மாட்டை அப்புறம்கூட வாங்கிக்கலாம். அன்னிக்கு உன் வீட்டுல உக்காந்து சொன்னேனே. நான் கலக்கலன்னு என் வாயால சொன்னேனே. எங்கூட ஒரே தட்டுல சாப்பிட்டு வளந்தவ நீ."

காலில் விழுந்தேன். நகர்ந்துகொண்டான். உதறவில்லை, நகர்ந்துகொண்டான், அவ்வளவுதான். "எந்திரி. குழந்தை தனியா இருப்பா, போ" என்றான்.

வழியெல்லாம் அழுதேன். யார் பார்த்தால் என்ன.

ஜூலை 22, செவ்வாய்

வாயிலில் இன்று முப்பத்தொரு வண்டி. வண்டி எண், நேரம், எத்தனை மாடு. மழை வந்தால் நோட்டு நனைகிறது. யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. என் பழைய மேசையில் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். அவளிடம் சொல்லச் சொல்லிக் கண்ணாடிக்காரரிடம் ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினேன். வீட்டில் இழுப்புக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பை இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

இன்றும் இல்லை. என்மேல் கோபமாக இருந்த நான்கு மாதமும் தவறாமல் வந்தது. பாட்டிலில் இரண்டு மூடி மிச்சம். நானே போய் வாங்கிவிடலாம், கடை ஒன்றும் சீமையில் இல்லை. ஆனால் போகவில்லை. எதற்குக் காத்திருக்கிறேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆகஸ்ட் 9, சனி

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே சைக்கிள் நிற்கும் சத்தம். அண்ணன். மணி அடிக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. நான் பார்க்கும்வரை நின்றுகொண்டிருந்தான். கையில் பை இல்லை.

"உள்ள வாண்ணே" என்றேன். வரவில்லை. பட்டாணி ஓடிப்போய் கேட்டுக் கம்பி வழியாகக் கையை நீட்டினாள். அந்த விரல்களை மட்டும் பிடித்துக்கொண்டான்.

"மூச்சு எப்படி இருக்கு இவளுக்கு?"

"பரவாயில்லண்ணே. இன்னைக்கோட மருந்து தீருது."

தலையை ஆட்டினான். சைக்கிளின் மணியைத் தேவையில்லாமல் துடைத்தான்.

"அஞ்சாம் தேதியே கடைக்குப் போனேன். பாட்டிலை எடுத்து வெச்சான். என்னால அதைக் கையில எடுக்க முடியல. நேத்தும் போனேன். முடியல. உன் பேரு சொல்லி எடுத்து வெக்கச் சொல்லியிருக்கேன். இனிமே மாசாமாசம் எடுத்து வெப்பான். நீயே போய் வாங்கிக்க."

பட்டாணியின் கையை மெதுவாக விட்டான். சைக்கிளில் ஏறினான். தெருமுனை வரை பார்த்தேன், திரும்பிப் பார்க்கவில்லை.

போய் வாங்கி வந்தேன். இரண்டு பாட்டில், மஞ்சள் பை. பட்டாணிக்கு ஒரு மூடி கொடுத்தேன். சிந்தாமல் குடித்தாள். பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன்.